மடித்து வைத்த ஓடம்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் டீப் பெட்டி இல்லாத வீடு கிடையாது. பெக்டரியில் கழித்துப்போட்ட பெட்டி ஒரு வீட்டில் அரிசி வைக்க உதவும், அடுத்த வீட்டில் கோழி அடைக்க. எங்கள் வீட்டில் அதுதான் புத்தக அலுமாரி. அப்பா பெக்டரியில் பெட்டி அடிக்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் உடைந்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து, அதன் விளிம்பை என் விரலால் தடவச் சொன்னார். மூன்று ஏடு. நடுவில் இருப்பதன் நரம்பு மட்டும் குறுக்கே ஓடுகிறது. "அதனாலதான் இவ்வளவு மெல்லிசா இருந்தும் முறியாது" என்றார்.

பல வருடங்களுக்குப் பிறகு, இரண்டாம் உலகப் போர்க்காலப் படம் ஒன்றில் சின்னஞ்சிறு ஓடத்தைப் பார்த்தேன். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். பக்கங்கள் கித்தான் துணி, அடிப்பாகம் மூன்று ஏட்டுப் பலகை. அந்த ஓடத்தின் கதையைத் தேடத் தொடங்கியது அப்போதுதான். தேடல் கடைசியில் நம் கடலுக்கே வந்து சேரும் என்று அன்று நினைக்கவில்லை.

அந்த ஓடத்தின் மூதாதை போருக்காகப் பிறக்கவில்லை. 1905இல் மியூனிக் நகரில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஹாய்ரிச் என்ற மாணவர், மூங்கில் கழிகளைப் பூட்டி, அதன்மேல் பாய்மரத் துணியை இழுத்துப் போர்த்தி ஒரு படகு செய்து இசார் ஆற்றில் விட்டார். வடதுருவத்து இனுவிட் மக்கள் தோலால் கட்டும் கயாக்கின் சாயல் அதில் இருந்தது. ஆனால் இதைக் கழற்றி மடித்து ரயிலில் கொண்டுபோகலாம். இரண்டே வருடத்தில், ரோசன்ஹைம் ஊரைச் சேர்ந்த யோஹான் கிளெப்பர் அதைச் செய்து விற்கும் உரிமையை வாங்கினார். கிளெப்பர் ஒரு தையற்காரர். படகு தையற்காரர் கைக்குப் போனது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. எலும்புக்கூட்டுக்குச் சட்டை தைப்பதுதானே அந்த வேலை! சனி ஞாயிறில் பையைத் தோளில் போட்டு ரயிலேறி, ஆற்றங்கரையில் இறங்கி, படகைப் பூட்டி மிதப்பது சாதாரண மக்களின் பொழுதுபோக்கானது.

அந்தப் பொழுதுபோக்கைப் போருக்குள் கொண்டுவந்தவர் ரோஜர் கோர்ட்னி. கென்யாவில் வேட்டைக்காரராகத் திரிந்தவர், நைல் நதியில் இத்தகைய படகிலேயே துடுப்புப் போட்டுப் போனவர். 1940இல் பிரிட்டிஷ் கமாண்டோப் படையில் சேர்ந்து, மடக்குப் படகுகளால் பகைக் கப்பலை அண்டலாம் என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. ஒரு நாள் இரவு, கிளைட் ஆற்றுமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கிளென்கைல் என்ற தங்கள் கப்பலுக்கே தனியாகப் போய், காவலுக்குத் தெரியாமல் ஏறி, பீரங்கியின் உறையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். சொட்டச் சொட்ட நனைந்த உடம்போடு அதிகாரிகள் கூடியிருந்த இடத்தில் அந்த உறையைப் போட்டாராம். அவருக்குக் கேப்டன் பதவியும் பன்னிரண்டு ஆட்களும் கிடைத்தன. அந்தப் பன்னிரண்டு பேரில் தொடங்கியதுதான் பிறகு ஸ்பெஷல் போட் செக்‌ஷன் என்று பெயர் பெற்ற பிரிவு. சுருக்கமாக எஸ்.பி.எஸ்.

1941 மார்ச்சில் டிரையம்ஃப் என்ற நீர்மூழ்கியிலிருந்து கோர்ட்னியும் நைஜல் கிளாக்ஸ்டவுன்-வில்மொட் என்ற கடற்படை அதிகாரியும் ரோட்ஸ் தீவுக்கரைக்குப் போனார்கள். வெடி வைக்கப் போகவில்லை, கரையை அளக்கத்தான் போனார்கள். உடம்பில் கிரீஸ் பூசிக்கொண்டு குளிர்நீரில் இறங்கி, மணல் எவ்வளவு இறுக்கம், எங்கே பாறை, எந்த இடத்தில் வண்டி ஏறும் என்று ஒருவர் நீந்தி நீந்திப் பார்க்க, மற்றவர் இருட்டில் படகோடு காத்திருந்தார். ரோட்ஸ் மேல் திட்டமிட்ட படையெடுப்பு நடக்கவில்லை. ஆனாலும் வில்மொட் பிடித்த பிடியை விடவில்லை. கப்பலை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, கப்பல் முட்டுகிற கரையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் அவர் மனத்தை அரித்தது. 1942 டிசம்பரில் ஹேலிங் தீவில், இதற்கென்றே ‘கோப்’ என்று சுருக்கி அழைக்கப்பட்ட சிறு குழுக்களை அவர் உருவாக்கினார். ஈயக் குண்டு கட்டிய கயிறு, நீருக்கடியில் எழுதும் பலகை, மண்ணைத் துளைத்தெடுக்கும் குழாய் ஆகியவையே அவர்களுடைய ஆயுதங்கள். 1943இன் கடைசி இரவில் நோர்மண்டிக் கரையில் நீந்திப்போய் மணலைத் துளைத்து எடுத்து வந்தவர்களும் இவர்களே.

அதே ஆண்டுகளில் அரசக் கடற்படையின் மரீன் மேஜர் ஹாஸ்லர் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தார். மடக்குப் படகு அலையில் முறிகிறது, கரையில் இழுத்தால் கிழிகிறது என்பது அவர் குறை. ஃப்ரெட் கோட்லி என்ற படகுத் தச்சர் அதற்கு வழி கண்டார். அடியும் மேலும் ஒட்டுப்பலகை, பக்கம் மட்டும் கித்தான். அழுத்தினால் தட்டையாகும், நீர்மூழ்கியின் குறுகிய வாசலில் நுழையும். அதற்குக் ‘காக்கிள்’ என்று பெயர். யாழ்ப்பாணத்தார் மட்டி என்று சொல்லும் சிப்பி இனம்தான் அது.

இங்கே அப்பாவின் பலகைக்குக் கொஞ்சம் திரும்பவேண்டும். எஸ்தோனியாவின் தாலின் நகரில் லூதர் குடும்பத்தின் ஆலை ஒன்று இருந்தது. அங்கே மரத்தை ஏடு ஏடாக உரித்து, குறுக்கு நெடுக்காக ஒட்டிப் பலகை செய்தார்கள். லண்டனில் அதை விற்ற கம்பெனிக்கு வெனெஸ்டா என்று பெயர். ஏட்டுப் பலகையைக் குறிக்கும் வெனீர் என்ற சொல்லையும் எஸ்தோனியாவையும் சேர்த்து வைத்த பெயர். தேயிலைப் பெட்டிதான் அவர்களுடைய பெரிய வியாபாரம். 1907இல் ஷாக்கிள்டன் தென்துருவத்துக்குப் புறப்பட்டபோது உணவுப் பொருள்களைக் கட்டியதும் வெனெஸ்டா பெட்டிகளில்தான். அந்தப் பனியில் அச்சடித்த ஒரு புத்தகத்துக்கு அட்டையாகவும் பெட்டிப் பலகையே உதவியது. கொழுந்து பறித்த கைகள், அரைத்த தூளை மூடி அனுப்பிய பலகையை எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை. ஈரம் புகாமல், பாரம் கூடாமல், முறியாமல் இருக்கவேண்டும். தேயிலையும் கேட்டது அதைத்தான், ஓடமும் கேட்டது அதைத்தான்.

1942 டிசம்பர் 7 இரவு, டூனா என்ற நீர்மூழ்கி ஆறு காக்கிள்களைப் பிரான்ஸ் கரைக்கு வெளியே கொண்டுவந்தது. வெளியே எடுக்கும்போதே ஒன்றின் கித்தான் கிழிந்தது. மீதி ஐந்தில் பத்துப் பேர், பொர்தோ துறைமுகத்தை நோக்கி ஆற்றில் இரவிரவாகத் துடுப்புப் போட்டார்கள். இரண்டு ஓடங்களே போய்ச் சேர்ந்து கப்பல்களில் வெடிகளை ஒட்டின. உயிரோடு நாடு திரும்பியவர்கள் ஹாஸ்லரும் பில் ஸ்பார்க்ஸும் மட்டும். இருவரைக் கடலின் குளிர் கொன்றது. ஆறு பேரை ஜெர்மானியர் பிடித்துச் சுட்டார்கள். புத்தகங்களும் சினிமாவும் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த இளைஞர்களுக்கு அது தகும். ஆனால் எனக்கு வில்மொட்டின் ஈயக்குண்டுக் கயிறுதான் பெரிதாகத் தெரிகிறது. அது கொண்டுவந்த செய்தியை நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் கரையில் கால் வைத்தார்கள்.

இப்படி வளர்ந்த பிரிவுகள் 1944 ஜூனில் இலங்கையில் ஒன்றாகக் கட்டப்பட்டன. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் அப்போது பேராதனையில் இருந்தது. எஸ்.பி.எஸ்., கோப், மரீன்களின் 385ஆம் பிரிவு, கனேடியரான புரூஸ் ரைட் உருவாக்கிய நீச்சல்காரர் குழு எல்லாம் சேர்ந்து ‘சிறு நடவடிக்கைக் குழு’ ஆனது. தலைவர் கேணல் டொலமாஷ். முகாம் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலான நீரில், ஹாமன்ஹீல் கோட்டைப் பக்கத்தில். நாம் கடற்கோட்டை என்கிறோமே, அதுதான். போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. யாழ்ப்பாணக் குடாநாடு பன்றித் தொடை மாதிரித் தெரிகிறது என்று, அதன் குதிகால் என்னும் பொருளில் அவர்கள் வைத்த பெயர் அது.

ஏன் அந்த இடம்? ஒருமுறை அந்தக் கரையில் நின்றால் விளங்கிவிடும். தீவுகளுக்கு நடுவில் பரவைக்கடல். அலை இல்லை. பல இடங்களில் இடுப்பளவு நீர், காலை வைத்தால் புதையும் சுரி. மீன் பிடிக்கும் களங்கண்டிக் கம்புகள் வரிசையாக நிற்கும். பர்மாவின் அராக்கன் கரையின் சேற்றுக் கழிகளுக்குப் போகப்போகிறவன் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? காரைநகர், ஊர்காவற்றுறை மீனவர்கள் காலாலும் மரக்கோலாலும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த வித்தையை, இவர்கள் கயிற்றாலும் பலகையாலும் கற்றுக்கொண்டார்கள்.

1945 ஜனவரி 12இல் அராக்கனில் மைபோன் கரையிறக்கம். கரைக்கு முன்னே நீரில் ஜப்பானியர் வரிசையாக முளைகள் அடித்திருந்தார்கள். முந்திய இரவில் கோப் ஆட்கள் ஓடத்தில் போய் முளைகளில் நேரவெடி கட்டிவிட்டு வந்தார்கள். விடியலில் வழி திறந்தது.

அடுத்த மாதம் ஐராவதி. இதை நான் மெதுவாகத்தான் சொல்லவேண்டும். பிப்ரவரி 14 அன்று நியாவுங்கு அருகில் பிரிட்டிஷ் தரப்பின் 7ஆவது இந்தியப் படைப்பிரிவு ஆற்றைக் கடந்தது. நம் பரவைக்கடலில் பழகிய எஸ்.பி.எஸ். ஆட்களும் நீச்சல்காரர்களும் அதற்கு முன்னோடிகள். எதிர்க்கரைப் பகுதியைக் காத்தவர்களில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது, ஜி. எஸ். தில்லானின் கீழ் நேரு ரெஜிமென்ட். அந்த ராணுவத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். எங்கள் தாத்தாமார் கண்டிச்சீமைக்கு வந்த அதே காலத்தில், அதே வறட்சி ஊர்களிலிருந்து, அதே கங்காணி முறையில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்களின் பிள்ளைகள். ஒரு தோட்டக் குடும்பத்தின் இரு கிளைகள் போல என் மனதில் அவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஒரு கிளை பெட்டியில் தேயிலை அடைத்துப் போருக்குக் கொடுத்தது. மறுகிளை துப்பாக்கியோடு அந்தக் கரையில் நின்றது. நடுவில் இரவு நேரத்து ஆறு, அதில் ஓசையில்லாமல் ஓர் ஓடம்.

மலாயாவின் மொரிப் கரையையும் அதே ஆண்டு ஜூனில் கோப் ஆட்கள் நீர்மூழ்கியிலிருந்து இறங்கி அளந்தார்கள். செப்டம்பர் 9இல் படை இறங்கியபோது போர் முடிந்திருந்தது, சுட யாரும் இல்லை. ஆனால் மேல்மணலுக்குக் கீழே சேறு. வண்டிகள் வரிசையாகப் புதைந்தன. இருட்டில், சில மணி நேரத்தில், விறைத்த கையால் ஒரு கரையை எவ்வளவு அறியமுடியும் என்பதை அந்த வண்டிகள் காட்டின.

எங்கள் மலைநாட்டு ஊவாவுக்கும் அந்தப் போரின் கடற்கதையில் ஒரு பங்கு உண்டு.  பிரிட்டிஷ் கடற்படை தியத்தலாவையில் மாலுமிகளுக்கு ஓய்வு முகாம் வைத்தது. கரையிலுள்ள முகாமுக்கும் கப்பலைப் போலப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். அதன் பெயர் எச்.எம்.எஸ். ஊவா. கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே, தேயிலை மலைகளின் நடுவே ஒரு ‘கப்பல்’. ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் ரயில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும்.

ஓடம் அதற்குப் பிறகும் ஓய்வெடுக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டனின் எஸ்.பி.எஸ். பல காலம் பயன்படுத்தியது கிளெப்பரின் மடக்குப் படகைத்தான். தையற்காரர் வீட்டிலிருந்து புறப்பட்டது சுற்றிவந்து அங்கேயே சேர்ந்தது. பெயரின் முதலெழுத்துகளும் பயணம் செய்தன. 1993இல் இலங்கைக் கடற்படை தன் சிறப்புப் படகுப் பிரிவைத் தொடங்கியபோது அதுவும் எஸ்.பி.எஸ். ஆனது. அந்த ஆண்டு எப்படிப் பிறந்தது என்பதை வடக்கில் மறந்தவர் இல்லை. ஜனவரி 2 இரவு, கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்துகொண்டிருந்த பொதுமக்கள் கடற்படையின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். வேறு பாதை அடைபட்டிருந்ததால் அந்த நீரே அவர்களுக்கு வீதியாக இருந்தது. சிறு படகு, விளக்கில்லாத இரவு, ஆழமில்லாத நீர் எல்லாம் ஹாமன்ஹீலில் பழகியவர்களுக்கு இருந்தவைதான். படகில் இருந்தவர்கள் மட்டும் வேறு: கைக்குழந்தைகள், நோயாளிகள், மூட்டை முடிச்சோடு கிழவிகள்.

எங்கள் அத்தையும் அந்த வழியில் போனவர். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பம். மலையில் பிறந்து வளர்ந்தவர், அதுவரை கடலில் கால் நனைத்தது இல்லை. மகளின் பிரசவத்துக்காகக் கிளாலி கடந்தார். நாலைந்து படகுகளைக் கயிற்றால் தொடுத்து முன்னால் ஒரு மோட்டார்ப் படகு இழுத்தது. கரையை விட்டு விலகியதும் அத்தைக்கு நடுக்கம். "எவ்வளவு ஆழங்க ஐயா?" என்று மெல்லக் கேட்டிருக்கிறார்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டு, படகுக்காரர் மரக்கோலை நீருக்குள் விட்டு ஊன்றி எடுத்தாராம். இருட்டில் கோல் தெரியவில்லை. அத்தையின் கையைப் பிடித்து, நனைந்த இடம் எதுவரை என்று தடவிப் பார்க்க வைத்தார். நெஞ்சளவு.