மாலுமியின் எலுமிச்சையும் கொழுந்துக் கூடையும்

புளத்கொகுபிட்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கின்றன. அத்தோட்டங்களில் வாழும் கருவுற்ற தாய்மாருக்கு அரசாங்கக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையோடு வைட்டமின் சி குளிசையும் வழங்கப்படுகிறது. இச்சிறு குளிசைக்கு நெடிய வரலாறு உண்டு. அது மருத்துவத்தின் வரலாறு மட்டுமன்று; உழைப்பவர் உடலுக்கு உலகம் வைத்த மதிப்பின் வரலாறுமாகும்.

பாய்க்கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் மிதந்த காலத்தில், ஈறு வீங்கிக் குருதி கசிய, பற்கள் உதிர, ஆறிய புண்களும் மீண்டும் திறக்க, மாலுமிகள் மடிந்தனர். ஸ்கர்வி என்பது அந்நோயின் பெயர். 1747இல் சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும், பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொதுவாக வழங்க முன்வந்தது 1795இல்தான். கண்ட உண்மை மாலுமியின் வாய்க்கு எட்ட 48 ஆண்டுகள் கழிந்தன.

1867ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது. வணிகக் கப்பல் மாலுமிகளுக்குச் சாறு முறையாக வழங்கப்படுவதற்கான விதிகளைப் பிரித்தானியச் சட்டம் இறுக்கியது அவ்வாண்டிலே. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும் அவ்வாண்டிலேதான். தேயிலை ஏற்றிய கப்பலின் மாலுமிக்குச் சட்டம் சாற்றை உறுதி செய்தது. அத்தேயிலையைக் கொய்தவளுக்கு அளக்கப்பட்டதோ அரிசி. அதன் விலையும் கூலியிற் கழிக்கப்பட்டது.

ஸ்கர்வியைத் தடுக்கும் பொருளைப் பிரித்தறிந்தவர்களுள் முதன்மையானவர் ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி. தம் நாட்டு மிளகாயிலிருந்தே அதனைப் பெருமளவில் எடுத்த அவர் 1937இல் நோபல் பரிசு பெற்றார். 1933இல் ரைக்ஸ்டைன் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டார். பழத்தின் சத்து ஆலையின் குளிசையாயிற்று. 1970இல் லைனஸ் போலிங், அதனைப் பெருமளவில் உண்டால் தடிமன் வராது என நூலெழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. நாள்தோறும் உண்போருக்குத் தடிமன் சற்றே விரைவில் நீங்குகிறது, அவ்வளவே. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதுமென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 2,000 மில்லிகிராமைக் கடந்தால் வயிற்றோட்டமே பலனாகும்.

அவ்வாறாயின் எம் தோட்டத்துத் தாய்க்கு இதனால் என்ன பயன்? கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் உண்ணும் வைட்டமின் சி அதனை ஏற்கத்தக்க வடிவில் வைத்திருக்கிறது. தேநீரின் துவர்ப்புப் பொருளோ அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுக்கிறது. காலையில் பிரட்டுக்கு ஓடுமுன் ரொட்டியும் சாயத்தண்ணீரும். மலையிலே மீண்டும் ரொட்டியும் சாயத்தண்ணீரும். அக்கோப்பையோடே குளிசையையும் விழுங்கும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் உலகுக்குக் கொய்து கொடுக்கும் இலையே அவர்களது குருதிக்கு வரவேண்டிய இரும்பை மறிக்கிறது!

ஆகவே குளிசையைத் தண்ணீரோடு உண்க. தேநீரை ஒரு மணி நேரமேனும் தள்ளி அருந்துக. இதனை ஆசிரியர்களாகிய நாமும் வகுப்பறையிலே சொல்லுதல் வேண்டும். பிள்ளை வழியாகவே செய்தி லயத்துக்குச் செல்லும்.

ஆனால் அறிவுரையோடு கடமை தீர்ந்துவிடாது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இச்சத்து உண்டு. நெல்லியும் தேசிக்காயும் முருங்கையும் இம்மண்ணில் வளர்வனவே. அவற்றை நட ஒரு முழ நிலமும், பேணச் சிறிது ஓய்வும், சந்தையிற் காய்கறி வாங்கக் கூலியும் வேண்டும். லயத்தைச் சுற்றிய நிலம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்னும் சொந்தமில்லை. குளிசை தேவை, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முற்றத்துக் கொய்யாமரத்தை உரிமையாகப் பெறாத தொழிலாளிக்குக் குளிசை மட்டுமே விடையெனக் கூறுவது நீதியாகாது. மாலுமி 48 ஆண்டுகள் காத்திருந்தான். 1867இலிருந்து எண்ணினால், கொழுந்து கொய்பவள் காத்திருக்கும் காலம் அதனினும் மூன்று மடங்காகிவிட்டது.