மெழுகுவத்தியின் முன் அமர்ந்த சிறுவர்கள்

விஞ்ஞானம் என்றவுடன் பரீட்சைக்குரிய பாடமென்றே பல பிள்ளைகள் அஞ்சி ஒதுங்குகின்றனர். அவ்வச்சத்தைப் போக்குவதற்குக் கண்முன் செய்து காட்டும் சோதனையைப் போன்ற கருவி வேறொன்றில்லை. வெடிப்பதும் ஒளிர்வதும் நிறம் மாறுவதும் இளம் உள்ளத்தை எளிதில் ஈர்ப்பன. ஆயின் செப்பிடுவித்தைக்காரனும் இவ்வாறே ஈர்க்கின்றான். அவனுக்கும் விஞ்ஞானிக்கும் வேறுபாடு யாது? வித்தைக்காரன் காரணத்தை மறைக்கின்றான். விஞ்ஞானியோ காரணத்தைக் காட்டுவதற்கே வித்தையைக் காட்டுகின்றான். இதனை நன்குணர்ந்து ஒரு கலையாக வளர்த்தவர் மைக்கேல் பாரடே. அவர் சிறுவர்க்கு ஆற்றிய சொற்பொழிவுகளின் வரலாற்றை இங்கு நினைவுகூர்வோம்.

பாரடே 1791-ஆம் ஆண்டில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் அவர் கற்றது எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே. பதினான்காம் வயதில், லண்டனில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவை வளர்த்துக்கொண்டார். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவருக்குச் சில நுழைவுச் சீட்டுகளை அளித்தார். ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு உரியவை அவை. பாரடே தாம் கேட்டவற்றையெல்லாம் எழுதி, தம் கையாலேயே அட்டை கட்டி, டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே அந்நிலையத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

அந்நிலையம் 1825 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில் இளையோர்க்கெனச் சொற்பொழிவுகளை நடத்தத் தொடங்கியது. பாரடே 1827-இல் அம்மேடை ஏறினார். பின்னர் மொத்தம் 19 தொடர்களை நிகழ்த்தினார். 1855-இல் விக்டோரியா மகாராணியின் புதல்வர் இருவர் தம் தந்தையுடன் வந்து அமர்ந்து கேட்டனர். கொல்லரின் மகன் கற்பிக்க, அரச குமாரர் மாணாக்கராயினர்.

அவருடைய தொடர்களுள் பெரும் புகழ் பெற்றது மெழுகுவத்தியைப் பற்றியது. 1848-இல் நிகழ்த்திய அதனை 1860-61-இல் தம் இறுதித் தொடராக மீண்டும் ஆற்றினார். மின்சார இயலில் பெருங்கண்டுபிடிப்புகளைச் செய்த ஒருவர், எல்லார் வீட்டிலும் எரியும் மெழுகுவத்தியைத் தேர்ந்துகொண்டது சிந்திக்கத்தக்கது.

சுடரை மெல்ல ஊதி அணைத்து, எழுகின்ற புகையில் திரிக்குச் சற்று எட்டவே ஒரு தீக்கொழுந்தைக் காட்டினார். நெருப்பு புகை வழியே தாவித் திரியை மீண்டும் பற்றிக்கொண்டது. எரிவது உருகிய மெழுகின் ஆவியே என்பது இதனால் விளங்கியது. பின்னர்ச் சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரமொன்றைப் பிடித்தார். அதன் அடியில் நீர்த்துளி திரண்டது. தீயிலிருந்து தண்ணீரா என்று சிறுவர் வியந்திருப்பர். மெழுகிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடியே அந்நீர் உண்டாயிற்று என்பதைப் படிப்படியாக விளக்கினார். நீர் உறையுங்கால் விரிவடையும் என்பதைக் காட்டக் கனத்த வார்ப்பிரும்புக் குப்பியையே வெடிக்கச் செய்தார். முடிவில், எரியும் மெழுகுவத்தியிலிருந்து வரும் காற்றும் நாம் விடும் மூச்சும் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரேவகையில் வெண்மையாக்குவதைக் காட்டி, நம் உடலிலும் ஒருவகை எரிதல் ஓயாது நிகழ்கின்றது என உணர்த்தினார். வெடியோசை சில நொடிகளே; அது எழுப்பிய வினாவோ சிறுவருடன் வீட்டிற்குச் சென்றது.

எனினும் அம்மண்டபத்துள் எல்லாப் பிள்ளைகளும் நுழைய முடியவில்லை. சீட்டுப் பெற வசதியுள்ள குடும்பத்தினரே பெரும்பாலும் வந்தனர். இக்குறையை ஓரளவு நீக்கியது அச்சுப் புத்தகம். வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861-இல் வெளிவந்த அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, லண்டனைக் காணாத பிள்ளைகளையும் அடைந்தது. 1966 முதல் அக்கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் ஆண்டுதோறும் தொலைக்காட்சி வழியாகவும் பரவலாயின.

நம் நாட்டிலும் இக்கதவைத் திறக்க முயன்றோர் உண்டு. விக்ரம் சாராபாய் ஆமதாபாத்தில் பொதுமக்களுக்கும் மாணவருக்குமென விஞ்ஞான மையம் ஒன்றை நிறுவினார். 1968 டிசம்பர் 22-ஆம் நாள் அங்கே உரையாற்றியவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்து கல்கத்தாவிலும் பெங்களூரிலும் தம் ஆராய்ச்சியை நடத்திய சர் சி. வி. இராமன். அவருக்கு அப்போது வயது 80. வானம் ஏன் நீலமாக இருக்கின்றது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு வெடிக்கும் குப்பி தேவைப்படவில்லை. அண்ணாந்து நோக்குவார் எவருக்கும் சோதனைப் பொருள் தலைக்கு மேலேயே இருந்தது. சீட்டும் தேவையில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் வேற்றுமொழியில் விஞ்ஞானம் பயில்கின்றனர். பாடத்தின் சொற்கள் மனத்தில் நிற்கும், பொருள் நழுவிவிடும். வீட்டில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, பெரியோர் அருகிருந்து, புகை வழியே தாவும் அந்நெருப்பைக் காட்டலாம். அப்பொழுது பிள்ளை "ஏன்?" என்று தமிழில் கேட்கும். விடை உடனே கூற இயலாவிடினும் கேடில்லை, சேர்ந்து தேடலாம். பாரடேவுக்கு ஒரு வாடிக்கையாளர் அளித்த சீட்டுக்கு ஈடானதொன்றை நாம் நம் பிள்ளைகளுக்கு அளித்தவராவோம்.