தோல் எப்படி வளர்கிறது?



உடம்பு கொஞ்சம் பெருத்ததும் வயிற்றிலும் தொடையிலும் கோடு விழுகிறதே, இது நோயா டீச்சர் என்று என் மாணவிகள் சிலர் கேட்டார்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1834-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்புய்த்ரென், உருண்டையான குத்தூசியால் தன்னையே குத்திக்கொண்ட ஒருவரின் உடலைப் பார்த்தார். காயங்கள் வட்டமாக இல்லை, கீறல்போல நீண்டிருந்தன. 1861-இல் வியன்னாவின் கார்ல் லாங்கர் பல சடலங்களில் இதையே செய்து பார்த்து, உடல் முழுவதற்கும் ஒரு வரைபடம் போட்டார். தோல் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது என்பது அப்போது விளங்கியது.

1957-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நியூமன், காதின் மேற்பகுதியை இழந்த ஒருவருக்குத் தோலுக்கடியில் ரப்பர் பலூனை வைத்து, சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினார். காதைச் சீரமைக்கக் கூடுதல் தோல் கிடைத்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1970-களில் ரடோவன் சிலிக்கோன் பையைக் கொண்டு இதே முறையை வளர்த்தார். மார்பகப் புற்றுநோயில் மார்பை இழந்த பெண்களுக்கு அது பெரிய உதவியானது. நம் பாட்டிமார் ஈயக் குணுக்கு மாட்டிக் காது வளர்த்துப் பாம்படம் போட்டதும் இதே கணக்குத்தான்.

இழுத்தால் தோல் நீள்வதோடு நிற்காமல், புதிதாக வளரவும் செய்கிறது. தோலின் ஸ்டெம் செல்கள் இழுவையை உணர்ந்து கூடுதலாகப் பெருகுகின்றன என்பதை 2020-இல் பிரசெல்ஸ் ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினார்கள். எடை வேகமாகக் கூடினால் உள்தோலின் கொலாஜன், எலாஸ்டின் இழைகளால் ஈடுகொடுக்க முடியாது. ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் கர்ப்ப காலத்திலும், வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கும் கோடு விழுகிறது. முதலில் சிவப்பாக இருந்து பிறகு வெளுக்கும். எந்த எண்ணெயும் அதை முழுதாக அழிக்காது. எடை குறைந்தாலும், வளர்ந்த தோல் எல்லாம் சுருங்கிவிடாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குண்டான பிள்ளையின் பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால், "அழுக்கு, தேய்த்துக் குளி" என்று திட்டாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

கல்யாண வீட்டில் பெண்களைப் பார்த்ததும் "என்ன இப்படிப் பெருத்துட்டே?" என்று கேட்கும் உறவினர்களே, இனிமேல் "சாப்டியாம்மா?" என்று கேளுங்கள், போதும்.