ஒட்டாது சார்!

திருக்கோவிலூர் போய்விட்டு விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தோம். காணை நெருங்கும்போது காருக்குள் பெட்ரோல் வாசனை. முன்னால் போன டூ-வீலரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அது ஒரு சந்தில் திரும்பிப் போன பிறகும் வாசனை போகவில்லை. பின் சீட்டில் பசங்க இரண்டு பேர், நடுவில் மாமியார். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு பானெட்டைத் தூக்கினேன். பென்சில் கனத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய். எலி கடித்த தடம் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்திலிருந்து பெட்ரோல் ஊசி போலப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வண்டியை அணைத்த பிறகும்! ஒரு முழம் தள்ளி, தொட்டால் கை பொசுங்கும் சூட்டில் எஞ்சின்.

பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை மெக்கானிக். அறுபது வயதிருக்கும். "எம்-சீல் இருக்குமாண்ணே? விழுப்புரம் வரைக்கும் ஓடினாப் போதும்" என்றேன். குனிந்து பார்த்தார். "ஒட்டாது சார். அம்பாசடரா இருந்தா அஞ்சு நிமிஷத்துல அனுப்பிச்சிருப்பேன். இது வேற."

என்ன வேறு? அதைத் தேடிப் போனதில் கிடைத்த கதைதான் இது.

உலகின் முதல் நெடுந்தூர கார் பயணத்திலேயே இந்தக் குழாய் தகராறு செய்திருக்கிறது. 1888 ஆகஸ்டில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர வண்டியைக் கிளப்பிக்கொண்டு, மகன்கள் இரண்டு பேரோடு மான்ஹைமிலிருந்து அம்மா வீடான ஃபோர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் பங்க் என்ற சொல்லே பிறக்காத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். வழியில் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவி, குத்தி, அடைப்பை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். சாலையோரத்தில் நடந்த முதல் எரிபொருள் குழாய் ரிப்பேர், நமக்குத் தெரிந்து, இதுதான்.

நம்ம ஊர் அம்பாசடரும் ஃபியட்டும் அந்தப் பரம்பரைதான். டாங்கிலிருந்து எஞ்சின் வரை உலோகக் குழாய், ஆடுகிற இடத்தில் மட்டும் ரப்பர் ஹோஸ். குழாய் ஓட்டையா? அறுத்து, இரண்டு முனையையும் விரித்து, பித்தளை நட்டு போட்டு முறுக்கு. டாங்க் கசிகிறதா? பார் சோப்பைப் பிசைந்து அப்பு. சோப்பு தண்ணீரில்தான் கரையும், பெட்ரோலில் கரையாது. இந்த ரசாயனத்தை எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை, லாரி கிளீனர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் திண்டிவனம் தாண்டியதும் வண்டி இருமி நின்றால், பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்துணியைச் சுற்றிக் கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஓடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தக் காலத்தில் ஈரத்துணி கட்டாமல் போன அம்பாசடர் உண்டா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த வைத்தியமெல்லாம் பலித்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அழுத்தம் குறைவு. கார்புரேட்டர் வண்டியின் குழாயில் பெட்ரோல் சதுர அங்குலத்துக்கு நாலைந்து பவுண்டு அழுத்தத்தில் சாவகாசமாகப் போகும். கசிந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான்.

1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-ன் சாவி கைமாறியபோதும் உள்ளே இருந்தது கார்புரேட்டர்தான். மாற்றம் வந்தது டெல்லியின் புகையால். 1999 ஏப்ரல் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் புதுக் கார்கள் யூரோ விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2000 ஏப்ரலில் யூரோ-2. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சையில் பாஸ் செய்வது பெரும்பாடு. எம்.பி.எஃப்.ஐ. என்ற நாலெழுத்து விளம்பரங்களில் ஏறியது. டாங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப், எஞ்சின் பக்கம் ஊசி முனை இன்ஜெக்டர்கள். அழுத்தம் நாலைந்து பவுண்டிலிருந்து நாற்பதைத் தாண்டியது. உங்கள் கார் டயரில் காற்று முப்பது பவுண்டு சொச்சம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். வண்டியை அணைத்தாலும் அந்த அழுத்தம் உடனே இறங்காது. நான் பார்த்த பீய்ச்சல் அதுதான்.

சரி, அழுத்தம் கூடிய நேரத்தில் போய் ஏன் பிளாஸ்டிக்? துரு பிடிக்காது. எடை குறைவு. சந்து பொந்தெல்லாம் வளைத்து விடலாம். பல அடுக்காகச் செய்தால் பெட்ரோல் ஆவி சுவரைத் துளைத்து வெளியேறுவதையும் பெருமளவு தடுக்கலாம். கம்பெனிக்குக் கணக்கு உதைக்கவில்லை (பி.காம். படித்த எனக்கு அதில் ஒரு தனி மரியாதை).

இந்த பிளாஸ்டிக்கின் வீட்டுப் பெயர் நைலான். 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழு கண்டுபிடித்தது. நைலான் காலுறைக்கு 1940-ல் கடைகளில் கூட்டம் அலைமோதியதைப் பார்க்க கரோதர்ஸ் இல்லை. மனச்சோர்வில் 1937-லேயே தற்கொலை செய்துகொண்டார். கார் குழாய்க்கு வருபவை அந்த நைலானின் தம்பிகள். நைலான்-11, நைலான்-12. எண் என்பது கார்பன் அணுக்களின் கணக்கு.

இதில் நைலான்-11 கதையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய அந்த பிளாஸ்டிக் எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயிலிருந்து! நம் பாட்டிகள் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அதே விளக்கெண்ணெய். உலக ஆமணக்கில் பெரும் பகுதி விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில்.

நைலான்-12 பெட்ரோலிய வாரிசு. 2012 மார்ச் 31-ம் தேதி, ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் கம்பெனி ஆலையில் வெடி விபத்து. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். நைலான்-12-க்கான மூலப்பொருள் தயாரிப்பு அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் உலகக் கார் தொழிலுக்கே ஜுரம். எரிபொருள் குழாய், பிரேக் குழாய் இரண்டுக்கும் சரக்கு வறண்டுவிடும் என்ற பயம். ஏப்ரல் 17-ம் தேதி டெட்ராய்ட் பக்கத்தில் ட்ராய் என்ற ஊரில், சந்தையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் கம்பெனிகளின் அதிகாரிகள் சுமார் 200 பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, மாற்றுப் பொருளைச் சீக்கிரம் சோதித்து அனுமதிப்பது எப்படி என்று பேசினார்கள். எல்லாம் ஒரு பென்சில் கனக் குழாய்க்காக.

காணைக்கு வருவோம். நைலான் பெட்ரோலிலேயே வருஷக்கணக்கில் ஊறியும் அசையாத பொருள். அது பசைக்கா மசியும்? நாற்பது பவுண்டு அழுத்தத்தில் எம்-சீல் சட்டை போலக் கழன்றுவிடும். கிழிந்த துண்டை வெட்டிவிட்டு மீன் தொட்டி டியூபைச் சொருகினால், சில நாளில் அது விறைத்து வெடிக்கும். சாதாரண ரப்பர் ஹோஸைச் சொருகி கிளிப் போட்டாலும் வழவழ நைலான் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முறையான வழிகள் இரண்டுதான். பல் வைத்த ஜாயின்ட்டை, குழாய் முனையை வெந்நீரில் இளக்கி உள்ளே ஏற்றுவது. அல்லது இரண்டு முனையிலும் கனெக்டரோடு வருகிற புதுக் குழாயையே மாட்டிவிடுவது. நெருப்புக் காட்டி இளக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், அவர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

இப்போது எத்தனால் வேறு சேர்ந்திருக்கிறது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் பரவியது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களை 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே அந்த ஆண்டு சொன்னது. எதிர்த்துப் போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது. என் கருத்து சிம்பிள்: வழக்கு முடிந்தாலும் உங்கள் ஹோஸுக்கு வயது ஏறுவது நிற்காது. பத்து வருஷ வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு விடும்போது "ஹோஸ், பைப் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

விழுப்புரத்துக்குப் பையனை பைக்கில் விரட்டி, குழாய் வாங்கி வர ஒன்றரை மணி நேரமானது. அதுவரை எங்களைப் புளியமரத்தடிக்கு அனுப்பிவிட்டார் மெக்கானிக். பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தவரை விரட்டிய விரட்டில் அவர் ரோட்டைக் கடந்து போய்த்தான் நின்றார். வண்டி நன்றாக ஆறிய பிறகு முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினார். கடிபட்ட இடத்தில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கனெக்டரின் காதை அமுக்கி இழுத்தார். மீதிப் பெட்ரோல் துணியில் இறங்கியது. புதுசை மாட்டினார். 'டிக்' என்று ஒரு சத்தம். இழுத்துப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பி, குழாய் நெடுக விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தார். இரண்டு தடவை.

"இந்த டிக் சத்தம் கேக்கலைன்னா வண்டி எடுக்கக் கூடாது சார். முன்னல்லாம் கண்ணால பாத்தாப் போதும்."

காசைக் கொடுத்தேன். மடியிலிருந்து ஒரு புகையிலைப் பொட்டலத்தை எடுத்து, எஞ்சின் சூடு படாத ஒரு மூலையில் கம்பியால் கட்டினார்.

"எலிக்கு" என்றார்.