இரண்டு அம்பிகாபதிகள்

கம்பரின் மகன் அம்பிகாபதிக்கும் குலோத்துங்க சோழனின் மகள் அமராவதிக்கும் ஏற்பட்ட காதலைச் சொல்லும் கதை தமிழில் இருமுறை பெரிய அளவில் படமானது. சிற்றின்பம் கலவாமல் நூறு பாடல்கள் பாடினால் அம்பிகாபதி உயிர் பிழைக்கலாம் என்பது நிபந்தனை. கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே காதலனைப் பார்க்க எழுந்துவிடுகிறாள். அந்த ஒரு கணத்தின் பொறுமையின்மை நம்பும்படி இருந்தால்தான் கதை நிற்கும்.

1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்தனர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டை மனத்தில் வைத்து, வசனகர்த்தா இளங்கோவனைக் கொண்டு காதல் காட்சிகளை எழுதவைத்தார். படம் மாபெரும் வெற்றி.

1957இல் ப. நீலகண்டன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் பி. பானுமதியும் அதே ஜோடியானார்கள். ஜி. ராமநாதனின் இசை இன்றும் கேட்கப்படுகிறது. ஆனால் பழைய படத்தின் புகழை இது எட்டவில்லை. இருவரும் தேர்ந்த கலைஞர்கள்தாம். ‘ரங்கோன் ராதா’வில் (1956) சேர்ந்து நடித்தவர்கள். பானுமதியின் பலம் அவருடைய அதிகாரத் தோரணை. ‘மக்களைப் பெற்ற மகராசி’க்கு அது பொருந்தியது. எண்ணிக்கை தவறும் அளவுக்குத் தவிக்கும் இளம் இளவரசிக்கு அதுவே இடைஞ்சல். அவர் எதிரே சிவாஜியின் உணர்ச்சிப் பெருக்கு தனியாக ஓடுகிறது. பாட்டில் கிடைக்கும் காதல், வசனக் காட்சிகளில் கிடைப்பதில்லை.