இடைநிறுத்தச் சமிக்ஞையும் மலையகமும்

மலையகத் தோட்டங்களில் விடியற்பொழுதில் ஒலித்த தப்பு, தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. ஆலைச் சங்கு வேலைநேரத்தை வகுத்தது. இவை மேலிருந்து கீழ்நோக்கிச் சென்ற சமிக்ஞைகள். கீழிருந்து எழும் ‘நிறுத்துக’ என்னும் குறியைச் செவிமடுக்க அவ்வமைப்பில் இடமிருக்கவில்லை. இக்குறையின் பாரதூரத்தை இயந்திர வரலாற்றோடு ஒப்புநோக்கி உணரலாம்.

மின்னோட்டம் இடையறாது பாயும் தந்திச் சுற்றில், செய்தி பெறுபவர் தம் சாவியைத் திறந்து சுற்றை முறித்தால், அனுப்புபவர் நிறுத்துதல் மரபு. தொலையச்சுப் பொறி இம்மரபைப் பேணியது. ஒவ்வோர் எழுத்தின் ஈற்றிலும் மின்னோட்டம் மீளவேண்டும். ஓரெழுத்துக்குரிய நேரம் கடந்தும் மீளாவிடின், அஃது எழுத்தன்று, இடைநிறுத்தச் சமிக்ஞையாகும்.

தொடக்ககாலக் கணினிகள் புறக்கருவிகளின் நிலையைத் தாமே மீண்டும் மீண்டும் வினவியறிந்தன. 1954இல் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகம் அமைத்த டைசீக் கணினி, புறக்கருவி குறுக்கிட்டு அழைக்கும் ‘இடையீட்டு’ வசதியைப் பெற்றிருந்தது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியில் விசை அழுத்தப்படுந்தோறும் 9ஆம் இடையீடு எழுந்தது. கன்ட்ரோல் விசையோடு பிரேக் விசையும் சேர்ந்து அழுத்தப்படின் 27ஆம் இடையீடு அழைக்கப்பட்டது.

இடையீட்டை ஏற்கும் நிரற்பகுதிக்குக் கடமைகள் உள. பதிவகங்களின் நிலையை முதலில் அது காத்தல் வேண்டும். சுருங்கப் பணியாற்றி, விட்ட இடத்துக்கே மீளவேண்டும். கோப்பொன்று எழுதப்படும் நடுவில் யாவற்றையும் நிறுத்தினால் தரவு சிதையும். ஆதலின், நிறுத்தக் கோரிக்கை வந்ததென்று குறித்துவைத்து, பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் நிறுத்துதலே தக்க முறை. இடையீடுகளை நெடுநேரம் மறைத்துவைக்கும் நிரலோ எவ்வேண்டுகோளையும் கேளாது. அதனை நிறுத்த மின்சாரத்தைத் துண்டிப்பதன்றி வேறு வழியில்லை. அப்போது செய்த வேலையும் அழிகிறது.

மலையகம் இவ்வழிவைக் கண்டது. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வாண்டிலேயே தோட்ட முதலாளிமாருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஏற்பட்டது. கோரிக்கையைக் கேட்பதற்கான ஒழுங்கு, ஓர் உயிர் போனபின்னரே எழுத்துருப் பெற்றது.

கணினியை வகுத்தோர், நிறுத்தும் குறியைக் கேட்கும் வழியை முன்கூட்டியே அதன் அமைப்பில் பொருத்தினர். மனிதரை வேலைகொள்ளும் அமைப்புக்கு அது மேலும் இன்றியமையாததாகும்.