கோத் என்னும் பெயரும் கரிய உடையும்

பெயர்களுக்கும் ஊழ் உண்டு. ஓர் இனத்தார் பெருமையுடன் தரித்த பெயர் அவர்தம் பகைவர் வாயில் இழிசொல்லாகிவிடுவதுண்டு. இழிசொல்லாக வழங்கியது பின்னொரு காலத்தில் மதிப்புப் பெறுவதும் உண்டு. ஐரோப்பிய வரலாற்றில் இத்தகைய மாற்றங்களைப் பலமுறை கண்ட பெயர் 'கோத்' என்பது. ஓர் இனத்தின் பெயராகத் தொடங்கிய அது, பின்னர் ஒரு கட்டடக்கலையின் பெயராயிற்று. அதன்பின் ஒருவகைக் கதையிலக்கியத்தின் பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், கரிய உடை தரித்துச் சோகம் தோய்ந்த இசையை விரும்பிக் கேட்கும் இளைஞர் கூட்டமொன்றின் பெயராக வந்து நின்றது. அப்பெயர் கடந்து வந்த வழியை அறிந்துகொண்டால், அவ்விளைஞரின் கோலம் எங்கிருந்து வந்தது என்பதும், அதைக் கண்டோர் ஏன் வெருண்டனர் என்பதும் ஒருவாறு விளங்கும்.

கோத்தியர் செருமானிய இனக்குழுக்களுள் ஒரு பிரிவினர். நான்காம் நூற்றாண்டில் கருங்கடலுக்கு வடக்கேயும் தன்யூப் ஆற்றின் அயலிலும் வாழ்ந்தனர். கிழக்கிலிருந்து ஊணர் படையெடுத்து வந்தபோது, கி.பி. 376ஆம் ஆண்டில், அவர்களுள் பெருந்தொகையானோர் தன்யூப் கரைக்கு வந்து உரோமப் பேரரசிடம் புகலிடம் வேண்டினர். புகலிடம் கிடைத்தது, உணவு கிடைக்கவில்லை. பொறுப்பாயிருந்த உரோம அதிகாரிகள் நாயிறைச்சியைக் கொடுத்து, அதற்கு விலையாக அகதிகளின் பிள்ளைகளை அடிமைகளாகப் பெற்றனர் என்று அக்காலத்து உரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதிவைத்திருக்கிறார். பசியும் அவமானமும் கலகமாய் மூண்டன. 378இல் அத்திரியானோப்பிள் போர்க்களத்தில் பேரரசன் வாலென்ஸ் மாண்டான். 410இல் அலாரிக் மன்னன் தலைமையில் வந்த கோத்தியர் உரோமாபுரியினுள் நுழைந்து மூன்று நாட்கள் சூறையாடினர். அவர்கள் கிறித்தவர்கள், பெரிய தேவாலயங்களில் தஞ்சம் புகுந்தோரைக் கொல்லாது விட்டனர். ஆயினும் பிற்காலத்தவர் மனத்தில், புகலிடம் கேட்டு வந்த கதை மங்கி, நகரைக் கொள்ளையிட்ட கதையே நிலைத்தது. கோத்தியன் என்றால் நாகரிகமற்றவன், அழகானவற்றை அழிப்பவன் என்னும் கருத்து வேரூன்றிற்று.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் இவ்வசைச்சொல் ஒரு கலையின்மீது ஏற்றப்பட்டது. பாரிசு நகரை அடுத்த சென் தெனி மடாலயத்தில் சூஜே என்னும் மடாதிபதி எழுப்பிய புதிய தேவாலயப் பகுதி 1144இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அங்கே கூர்நுனி வளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களிற் கொண்டுபோய்ச் சேர்த்தமையால், பாரந் தாங்கும் வேலையினின்றும் சுவர்கள் விடுபட்டன. சுவர் நின்ற இடங்களில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஒளி வீசின. பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கும் செருமனிக்கும் இம்முறை பரவியது. ஆனால் 1550இல் கலைஞர் வரலாறுகளை எழுதி வெளியிட்ட இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ வசாரி, பழைய உரோமக் கட்டடங்களின் ஒழுங்கையே அழகின் அளவுகோலாகக் கொண்டவர். வானை நோக்கிக் கூம்பி எழுந்த இக்கட்டடங்கள் அவருக்குக் கண்கூசுவனவாய்த் தோன்றவே, அவற்றைக் கோத்தியரின் கைவேலை என்று பழித்தார். கோத்திய அரசுகள் மறைந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலான பின்னரே இக்கலை பிறந்தது. ஆயினும் பழிப்புரை பெயராக நிலைத்துவிட்டது. 'கோதிக்' என்னும் அப்பெயரையே இன்று கலைநூலார் மதிப்புடன் வழங்குகின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டு அறிவையும் ஒழுங்கையும் போற்றிய நூற்றாண்டு. அந்த வெளிச்சம் போதாது என்று கருதியவர்போலச் சிலர் இடிந்த மடாலயங்களிலும் இருண்ட கோட்டைகளிலும் மனத்தைச் செலுத்தினர். ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயப் பிரபு 1764இல் 'ஒத்திராந்தோக் கோட்டை' என்னும் நாவலைப் பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று கூறி வெளியிட்டார். மக்கள் அதை விரும்பிப் படிக்கக் கண்டு, 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் தாமே ஆசிரியர் என ஒப்புக்கொண்டு, அதனை ஒரு கோதிக் கதை என்று முகப்பிலே குறித்தார். இவ்வாறு தோன்றிய மரபிலேதான் மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' 1818இலும், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இலும் வெளிவந்தன. இரத்தம் குடிக்கும் பிரபுவாகிய டிராகுலா இங்கிலாந்தில் முதன்முதல் கரையேறும் இடமாக ஸ்டோக்கர் அமைத்தது, யோக்சயரின் கடற்கரையிலுள்ள விற்பி என்னும் சிறு துறைமுகத்தை. குன்றின்மேல் இடிந்து நிற்கும் மடாலயமும் அதனருகேயுள்ள கல்லறைத் தோட்டமும் அவருக்குக் கதைக்களமாயின.

விற்பி நகருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பழங்காலத்து மரங்கள் சேற்றினுள் அமிழ்ந்து யுகங்கள் பல கழிந்து உண்டான 'ஜெற்' என்னும் கரிய பொருள் அவ்வூர்க் கடற்கரைப் பாறைகளிற் கிடைக்கின்றது. 1861இல் இளவரசர் ஆல்பேட் காலமானபின், விக்ரோறியா மகாராணியார் 1901இல் தாம் இறக்கும்வரை கரிய உடையை நீக்கவில்லை. அரசியைப் பின்பற்றி நாட்டு மக்களும் துக்க காலங்களில் கரிய ஆடையும் கரிய அணிகலனும் விரும்பவே, விற்பியின் பட்டறைகள் ஜெற் அணிகளைக் கடைந்து தள்ளின. அக்காலத்தில் துக்கம் மறைத்து வைக்கப்பட்டதன்று; உடுத்திக் காட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டின் பின் வந்த இளைஞர் எடுத்துக்கொண்ட மெல்லிழைச் சரிகைகளும், வெல்வெற்று அங்கிகளும், கறுப்புக் கையுறைகளும் பெரும்பாலும் இந்தத் துக்க உடையின் எச்சங்களே.

அவ்விளைஞர் தோன்றிய காலம் இங்கிலாந்துக்கு நல்ல காலமன்று. வடபகுதியின் பழைய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1982 சனவரியில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியது. 1976, 1977ஆம் ஆண்டுகளில் 'பங்க்' என்னும் இசை சினத்தைக் கூச்சலாக வெளியிட்டது. அச்சினம் தணிந்தபோது எஞ்சிய ஏக்கத்தைப் பாட வேறு குரல்கள் எழுந்தன. சூக்சி என்னும் பாடகியின் பான்ஷீஸ் குழுவினர் 1978இல் தமது முதல் நெடுந்தட்டை வெளியிட்டனர். மன்செஸ்ரர்ப் பகுதியின் ஜோய் டிவிஷன் குழுவினர் 1979இல் தமது முதல் நெடுந்தட்டை அளித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நோதாம்ரன் நகரைச் சேர்ந்த பௌஹவுஸ் குழுவினர், பேலா லுகோசி இறந்துவிட்டான் என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்தனர். 1931இல் வந்த திரைப்படத்தில் டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற அங்கேரிய நடிகர் லுகோசி, 1956இல் மறைந்தபோது அந்த வேடத்துக்குரிய மேலங்கியுடனேயே அடக்கம் செய்யப்பட்டவர். மூன்று நிமிடப் பாட்டே வானொலிக்கு ஏற்றதெனக் கருதப்பட்ட காலத்தில் இத்தட்டு ஒன்பது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. கோத் இசையின் தொடக்கமாகப் பலரும் இதனையே கொள்கின்றனர்.

இவ்விசையின் இயல்பு எளிதில் அடையாளங் காணத்தக்கது. பிற பாடல்களிற் பின்னால் நின்று தாளத்துக்குத் துணைசெய்யும் பேஸ் கிற்றார் இங்கே முன்வந்து இராகத்தைத் தானே நடத்திச் செல்லும். உச்சக் கிற்றாரோ எதிரொலியுடன் தூரத்திலிருந்து கேட்கும். முரசொலி பளிச்சிடாது, ஆழ்ந்து உருளும். பாடுவோர் குரல் தாழ்ந்து கனத்திருக்கும். பௌஹவுஸ் குழுவினர் யமேக்கா நாட்டு 'டப்' இசையிலிருந்து எதிரொலியையும் இடைவெளியையும் கையாளும் வித்தையைப் பெற்றனர். 1980இல் லீட்ஸ் நகரில் தோன்றிய சிஸ்ரேஸ் ஒவ் மேர்சி குழுவினர் மேளக்காரருக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தையே அமர்த்தி, அதற்கு 'டொக்டர் அவலாஞ்ச்' என்று பெயருஞ் சூட்டினர். களைப்பறியாத அத்தாளத்தின்மேல் சோர்ந்த மனிதக் குரல் ஒலித்தது.

1982 யூலையில், இலண்டனின் சோகோப் பகுதியில், டீன் வீதியிலிருந்த ஒரு விடுதியில் 'வௌவாற் குகை' என்று பொருள்படும் பெயருடன் வாரமொருமுறை கூடும் இரவுக் களியாட்டம் தொடங்கிற்று. இசையும் கோலமும் ஒன்றாய்க் கலந்தது இங்கேதான். ஆணும் பெண்ணும் முகத்துக்கு வெண்பூச்சிட்டுக் கண்ணுக்குக் கனத்த மை தீட்டினர். கூந்தலை எதிர்த்து வாரி முட்செடிபோல் நிறுத்தினர். சிலுவையும், எகிப்தியரின் உயிர்ச் சின்னமாகிய 'ஆங்க்' என்பதும் வெள்ளியில் அமைந்து கழுத்தில் தொங்கின. இவையெல்லாம் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரம் என்று எண்ணுதல் தவறு. பழந்துணிக் கடைகளில் மலிவாக வாங்கியதைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்துத் தாமே வெட்டித் தைத்தவர் பலர். விந்தை யாதெனின், இவ்விளைஞர் தெய்வமாய்க் கொண்டாடிய இசைஞர்களே அப்பெயரை விரும்பவில்லை. சிஸ்ரேஸ் குழுவின் அன்ட்றூ எல்ட்றிச், கியூர் குழுவின் றொபேட் சிமித், சூக்சி ஆகிய மூவரும் தம்மைக் கோத் என்று அழைப்பதை மறுத்தனர். பாடியோர் மறுத்த பெயரைக் கேட்டோர் ஏற்றுக்கொண்டனர்.

1994இல் விற்பி நகரில் கோத் விழா தொடங்கியது. டிராகுலாவின் கரைக்குக் கரிய உடையினர் திரளாக வந்தனர். சமூகவியலறிஞர் போல் ஹொட்கின்சன் இக்கூட்டத்தாரிடையே வாழ்ந்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட நூலில், பலர் கருதுவதுபோல் இது நாளுக்கொரு விதமாய் மாறும் நாகரிக மோகமன்று, நட்பாலும் ஈடுபாட்டாலும் இறுகப் பிணைந்த ஒரு சமூகம் என்று காட்டினார். சாவைப் பற்றிய சின்னங்களை அணிவோர் சாவை விரும்புவோர் என்று கருதுதல் பொருந்தாது. அது மறைக்கப்படுவதை அவர்கள் விரும்பவில்லை, அவ்வளவே. ஆயினும் ஐயம் அகலவில்லை. 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பாடசாலையில் இரு மாணவர் பலரைச் சுட்டுக் கொன்றபோது, அவர்கள் கோத் கூட்டத்தினர் என்று பத்திரிகைகள் பல எழுதின. அச்செய்தி பிழையென்று பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் கரிய மேலங்கி அணிந்த பிள்ளைகள் பல பாடசாலைகளிற் சந்தேகத்துக்கு ஆளாயினர்.

அச்சம் எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு லங்காசயரின் பேக்கப் என்னும் சிற்றூர் சான்றாயிற்று. 2007 ஆகஸ்டு 11ஆம் நாள் பின்னிரவில், இருபது வயதுடைய சோபி லங்காஸ்ரர் தன் அன்புக்குரிய இளைஞனுடன் அவ்வூர்ப் பூங்கா வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். இருவரும் கோத் கோலத்தினர். பதின்ம வயதினர் சிலர் இளைஞனை அடித்து வீழ்த்தினர். சோபி அவன் தலையைத் தன் மடியில் ஏந்தி, விட்டுவிடும்படி மன்றாடினாள். அவர்கள் அவளையும் தாக்கினர். இளைஞன் பிழைத்தான். பதின்மூன்று நாட்களின் பின் சோபி உயிர்நீத்தாள். 2008இல் இருவர் கொலைக் குற்றத்துக்காக ஆயுட்டண்டனை பெற்றனர். மூவர் கடுங்காயம் விளைத்த குற்றத்துக்காகச் சிறை சென்றனர். தோற்றத்தால் வேறுபட்டிருந்தமையன்றி அவ்விருவரும் வேறெதுவுஞ் செய்யவில்லை என்பதை நீதிபதி எடுத்துரைத்து, இதனை வெறுப்பின் விளைவான குற்றமெனக் கூறினார்.

சோபியின் தாயார் சில்வியா மகளின் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவி, 2022இல் தாம் மறையும்வரை பாடசாலைதோறுஞ் சென்று வேற்றுமையைப் பொறுக்கும் பண்பைப் போதிக்கப் பாடுபட்டார். 2011இல் கவிஞர் சைமன் ஆமிற்றேஜ் சோபியின் குரலாக எழுதிய கவிதைகளும் தாயாரின் சொற்களும் சேர்ந்து பி.பி.சி. வானொலியில் நாடகமாக ஒலித்தன. 2013இல் பெரிய மன்செஸ்ரர்க் காவற்றுறையினர், கோத் முதலிய கூட்டத்தாருக்கு அவர்தம் கோலங் காரணமாக இழைக்கப்படும் தீங்குகளை, இனம், சமயம் காரணமாக இழைக்கப்படுவனபோலவே வெறுப்புக் குற்றங்களாகப் பதியத் தொடங்கினர்.

ஒரு காலத்தில் பேரரசனைக் கொன்றவரின் பெயராக உரோமர் அஞ்சிய பெயர், இவ்வாறு காவற்றுறையின் பதிவேட்டில், காக்கப்பட வேண்டியவரின் பெயராக ஏறியது. உரோமாபுரி வீழ்ந்த நாளிலிருந்து 'கோத்' என்றால் காட்டுமிராண்டி என்றே ஐரோப்பா சொல்லி வந்தது. ஆயினும் தன்யூப் கரையில் பிள்ளைகளை விலைகொண்டவரும், பேக்கப் பூங்காவில் மன்றாடிய பெண்ணை மிதித்தவரும் கோத் என்னும் பெயருடையார் அல்லர்.